ஒரு தேதியைத் திருத்தினால் ஒரு வரிதான் மாற வேண்டும்: ஜெட்காம் நிரலகம் பற்றிய நிகழ்வு ஆய்வு

வம்சாவளித் தரவைப் பரிமாறப் பயன்படும் ஜெட்காம் வடிவத்தில் உள்ள கோப்பு ஒன்றைத் திறக்க வேண்டும், ஒருவருடைய பிறந்த தேதியைத் திருத்த வேண்டும், சேமிக்க வேண்டும். பணி இவ்வளவுதான். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் வரிக்கு வரி ஒப்பிட்டால் ஒரே ஒரு வரி வேறுபட்டிருக்க வேண்டும். ஆனால் நிரலகம் (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு) எழுதித் தந்த கோப்பில் ஏறக்குறைய எல்லாப் பதிவுகளும் மாறியிருந்தன. குறிப்புகளில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. "1842 வாக்கில்" என்று இருந்த தேதி 1842 ஜனவரி 1 ஆகிவிட்டது. குடும்பப்பெயர்களில் எழுத்துகள் சிதைந்தன. மின்னஞ்சல் முகவரியில் இரண்டு @ இருந்த இடத்தில் நான்கு வந்தது. சில குறிச்சொற்கள் அடியோடு காணவில்லை. பிழைச்செய்தி ஒன்றுகூட வரவில்லை. அதுதான் இதில் மிகவும் கவலைக்குரிய விஷயம். வம்சாவளித் தரவு பல பத்தாண்டுகளுக்கு ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சேமிப்பிலும் சத்தமில்லாமல் கொஞ்சம் தேய்ந்தால், மூலத்தில் என்ன இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இந்த ஆய்வுக்கான கோப்பு சோதனைக்கென்றே அமைக்கப்பட்டது. அதில் வைத்த சிக்கல்கள் அனைத்தும் புழக்கத்தில் உள்ள கோப்புகளில் அன்றாடம் தென்படுபவை. நிரலகமும் பரவலாகக் காணப்படும் ஒரு வகையே: கோப்பைப் படித்து "நபர்", "குடும்பம்" என்ற பொருள்களாக மாற்றிக்கொள்ளும், சேமிக்கும்போது அந்தப் பொருள்களிலிருந்து கோப்பைப் புதிதாக எழுதும்.

வடிவத்தைப் பற்றிச் சுருக்கமாக

ஜெட்காம் வடிவத்தை 1984-இல் வெளியிட்டது மோர்மன் திருச்சபை என்று அறியப்படும் பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து திருச்சபை. 5.5 பதிப்பு 1996-இல் வந்தது. 5.5.1 பதிப்பு 1999-இல் வரைவாக வந்து, 2019-இல்தான் முறையான பதிப்பாக அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட 20 ஆண்டுகளிலும் பல மென்பொருள்கள் அந்த வரைவையே பயன்படுத்தின. 7.0 பதிப்பு 2021-இல் அதே திருச்சபையின் வம்சாவளி அமைப்பான ஃபேமிலிசர்ச்சிடமிருந்து வந்தது. இன்று கையில் கிடைக்கும் கோப்புகளில் பெரும்பாலானவை 5.5 அல்லது 5.5.1. எனவே எந்த நிரலகமும் பழைய வடிவத்தை ஒழுங்காகக் கையாண்டே ஆகவேண்டும்.

கோப்பு முழுக்க வெறும் உரை. ஒவ்வொரு வரியிலும் நிலை எண், தேவைப்பட்டால் இரு @ குறிகளுக்கு நடுவே ஓர் அடையாளம், குறிச்சொல், மதிப்பு ஆகியவை வரிசையாக இருக்கும். குறிச்சொற்கள் கோப்பில் ஆங்கிலப் பேரெழுத்தில் வரும். இங்கே அவற்றை ஒலிப்பின்படி எழுதுகிறோம்.

0 @ஐ7@ இண்டி
1 நேம் ஆனா /மியூல்லர்/
1 பர்ட்
2 டேட் ஏபிடி 1842
1 ஃபேம்சி @எஃப்3@
1 _யுஐடி 4471

"இண்டி" நபர் பதிவு, "பர்ட்" பிறப்பு, "டேட்" தேதி, "ஏபிடி" என்றால் ஏறத்தாழ. சாய்கோடுகளுக்கு நடுவே இருப்பது குடும்பப்பெயர். "ஃபேம்சி" இந்த நபர் எந்தக் குடும்பத்தின் பிள்ளை என்று சுட்டுகிறது. அடிக்கோட்டில் தொடங்கும் குறிச்சொல், ஏதோ ஒரு மென்பொருள் தன் தேவைக்குச் சேர்த்துக்கொண்டது. நிலை எண் கூடினால் மேலே உள்ள வரிக்கு அது உட்பட்டது என்று பொருள். ஆக, கோப்பு முழுவதும் ஒரு மரம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் தீர்வு எளிதாகப் புரியும்.

எழுத்துகள் ஏன் சிதைந்தன

கோப்பின் தலைப்பதிவில் "சார்" என்ற குறிச்சொல் எழுத்துக் குறியாக்கத்தை, அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாட்டை, சொல்கிறது. நம் கோப்பில் அது ஆன்செல். நூலகப் பட்டியல்களுக்காக உருவான இந்தக் குறியாக்கத்தில் ஒரு தனிப் பழக்கம் உண்டு: எழுத்தின் மேல் வரும் குறி முதலில், எழுத்து அதற்குப் பிறகு. மியூல்லர் என்ற பெயரில் இரட்டைப் புள்ளி தாங்கிய ஆங்கில "யு" எழுத்து, ஆன்செலில் 232, 117 என்ற இரண்டு பைட்டுகள். நிரலகம் "சார்" வரியைப் பார்க்காமல் விண்டோஸ்-1252 என்ற வேறொரு குறியாக்கமாக எடுத்துக்கொண்டது. அந்தக் குறியாக்கத்தில் 232 என்பது மேலே சாய்கோடு தாங்கிய ஆங்கில "இ" எழுத்து. பெயருக்கு நடுவே தேவையில்லாத ஓர் "இ" முளைத்தது, புள்ளிகள் போயின. போதாக்குறைக்கு, சேமிக்கும்போது யூனிகோடு குறியாக்கமான யூடிஎஃப்-8 ஆக எழுதிவிட்டு, தலைப்பில் "ஆன்செல்" என்பதை அப்படியே விட்டுவிட்டது. அடுத்துத் திறக்கும் மென்பொருள் இன்னொரு தடவை தவறாகப் படிக்கும்.

குறியாக்கத்தைக் கண்டறிய நம்பத்தகுந்த வரிசை இது. முதலில் கோப்பின் தொடக்க பைட்டுகள்: 239, 187, 191 என்று தொடங்கினால் யூடிஎஃப்-8, 255, 254 அல்லது 254, 255 என்றால் யூடிஎஃப்-16. தொடக்கக் குறி இல்லாவிட்டாலும் யூடிஎஃப்-16-ஐப் பிடித்துவிடலாம். எந்த ஜெட்காம் கோப்பும் சுழியம் என்ற எழுத்தில்தான் தொடங்கும், அதன் பைட் 48. அதற்கு அடுத்த பைட் 0 என்றால் சிறு முனை வரிசை (எண்ணின் கீழ்ப்பகுதி பைட் முதலில் வருவது). முதல் பைட் 0, அடுத்தது 48 என்றால் பெரு முனை வரிசை. இரண்டும் இல்லையென்றால், தலைப்பதிவை மட்டும் ஆஸ்கியாக (128-க்குக் கீழான அடிப்படை ஆங்கில எழுத்துக் குறியாக்கம்) படித்து "சார்" மதிப்பை எடுக்க வேண்டும்.

அந்த மதிப்பையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. "ஆன்செல்" என்று அறிவித்துவிட்டு உள்ளே யூடிஎஃப்-8 வைத்திருக்கும் கோப்புகள் ஏராளம். இதைச் சோதிக்க நல்ல வழி ஒன்று உண்டு. ஆன்செலில் மேற்குறிகள் 224 முதல் 254 வரையிலான இடத்தில் இருக்கின்றன. அவற்றை அடுத்து வருவது பெரும்பாலும் 128-க்குக் கீழான சாதாரண எழுத்து. யூடிஎஃப்-8-இலோ அந்த எல்லைக்குள் வரும் தொடக்க பைட்டை அடுத்து 128 முதல் 191 வரையிலான பைட் கட்டாயம் வரவேண்டும். எனவே உண்மையான ஆன்செல் உரை தற்செயலாகச் செல்லுபடியாகும் யூடிஎஃப்-8 ஆக அமைவது மிக அரிது. கோப்பு முழுதும் யூடிஎஃப்-8 சோதனையில் தேறி, ஆஸ்கிக்கு அப்பாற்பட்ட பைட்டுகளும் இருந்தால், தலைப்பு என்ன சொன்னாலும் அதை யூடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்ளலாம். எச்சரிக்கையை மட்டும் பதிவு செய்ய வேண்டும்.

ஆன்செலை மாற்றும்போது மேற்குறியை எழுத்துக்குப் பின்னால் நகர்த்தி, பிறகு எழுத்தும் மேற்குறியும் ஒரே குறியீடாகச் சேரும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு ஒருங்கிணைக்க வேண்டும். இல்லையென்றால் பார்வைக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு பெயர்கள் தேடலில் பொருந்தாது. இன்னொரு நுணுக்கம்: ஜெட்காமின் ஆன்செல் பட்டியலும் நூலகங்கள் பயன்படுத்தும் மார்க் பட்டியலும் முழுக்க ஒன்றல்ல. ஜெர்மன் எஸ்ட்செட் எழுத்து ஜெட்காமில் 207, மார்க்கில் 199. நூலகப் பணிக்கு எழுதிய மாற்றியை இங்கே கடன் வாங்கினால் அந்த ஓர் எழுத்து மட்டும் தொடர்ந்து தவறும்.

குறிப்புகளில் சொற்கள் ஒட்டிய கதை

5.5.1 விதிப்படி ஒரு வரி, நிலை எண்ணிலிருந்து வரிமுடிவு வரை, 255 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. நீண்ட குறிப்பை உடைக்க இரண்டு குறிச்சொற்கள் உண்டு. "கான்ட்" என்றால் புதிய வரி. "கான்க்" என்றால் இடைவெளி எதுவும் சேர்க்காமல் அப்படியே ஒட்டு. சொல்லின் நடுவே உடைக்க வேண்டும் என்பதே விதி. காரணம் எளியது: பல மென்பொருள்கள் வரியின் கடைசியில் உள்ள வெற்றிடத்தை வெட்டிவிடுகின்றன. சொல்லின் ஓரத்தில் உடைத்தால் அந்த இடைவெளி போய், இரு சொற்கள் ஒன்றாகிவிடும்.

நம் கோப்பில் நடந்தது அதுவே. முன்பு கோப்பை எழுதிய மென்பொருள் சொல்லின் ஓரத்தில் உடைத்து, இடைவெளியை வரியின் முடிவில் வைத்திருந்தது. நிரலகம் ஒவ்வொரு வரியையும் படிக்கும்போது இரு பக்கமும் வெற்றிடத்தை நீக்கியது. இந்தப் பழக்கம் மற்ற உரைக் கோப்புகளில் தீங்கில்லாதது. ஜெட்காமில் அது தரவை அழிக்கிறது. குறிச்சொல்லுக்குப் பின் ஒரே ஓர் இடைவெளிதான் பிரிப்பான். அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு இடைவெளியும் மதிப்பைச் சேர்ந்தது. வரிமுடிவுக் குறிகளைத் தவிர வேறெதையும் வெட்டக் கூடாது.

இடைவெளி ஏற்கெனவே தொலைந்த கோப்பு கைக்கு வந்தால் என்ன செய்வது? உடைந்த வரிகளின் நீளத்தைப் பார்க்கலாம். "கான்க்"குக்கு முந்தைய வரிகள் எல்லாம் ஒரே நீளத்தில் இருந்தால், எழுதிய மென்பொருள் எண்ணி வெட்டியிருக்கிறது. சும்மா ஒட்டினால் போதும். நீளம் ஏறியும் இறங்கியும் இருந்து, ஒவ்வொரு வரியும் முழுச் சொல்லில் முடிந்தால், இடைவெளி வெட்டப்பட்டிருக்கலாம். இது ஊகம் மட்டுமே. நிரலகம் தானாகத் திருத்தாமல், இந்த ஐயத்தை அழைக்கும் நிரலிடம் சொல்லி முடிவை அங்கே விடுவதுதான் சரி.

இதைவிட ஆழமான பிழை ஒன்றும் இங்கே ஒளிந்திருக்கிறது. சில மென்பொருள்கள் 255 எழுத்துகள் என்பதை 255 பைட்டுகள் என்று எண்ணி வெட்டுகின்றன. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்; "கி" போன்ற உயிர்மெய் 6 பைட். கண்மூடித்தனமாக வெட்டினால் ஓர் எழுத்தின் முதல் பைட் ஒரு வரியிலும் மீதி இரண்டு அடுத்த வரியிலும் போய் விழும். ஆன்செலிலும் இதே ஆபத்து: மேற்குறி இந்த வரியின் முடிவில், எழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில். வரிவரியாகக் குறியாக்கத்தை மாற்றும் நிரலகம் இரண்டு பக்கமும் குப்பையைத்தான் காணும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் பைட்டுகளாகவே வரிகளைப் பிரிக்க வேண்டும், "கான்க்" வரிகளைப் பைட் நிலையில் ஒட்ட வேண்டும், அதன் பிறகே எழுத்துகளாக மாற்ற வேண்டும். எழுதும்போது முழு எழுத்தின் எல்லையில், இடைவெளி இரு பக்கமும் இல்லாத இடமாகப் பார்த்து வெட்ட வேண்டும். யூடிஎஃப்-16 கோப்புகளுக்கு மட்டும் முதலிலேயே மாற்றிக்கொள்வது தவிர்க்க முடியாதது.

நிலை எண்ணே இல்லாத வரிகளும் வரும். குறிப்புக்குள் இருந்த புதிய வரியை "கான்ட்" ஆக மாற்றாமல் எழுதிய மென்பொருளின் வேலை அது. அத்தகைய வரியை முந்தைய மதிப்பின் தொடர்ச்சியாகக் கொள்வது பாதுகாப்பானது. தூக்கி எறிவது இழப்பு.

@ குறி

5.5.1-இல் மதிப்புக்குள் வரும் ஒவ்வொரு @ குறியும் இரட்டிக்கப்பட வேண்டும். நிரலகம் படிக்கும்போது இரண்டை ஒன்றாக்கவில்லை. எழுதும்போது மட்டும் ஒவ்வொன்றையும் இரட்டித்தது. இப்படி ஒவ்வொரு சேமிப்புக்கும் எண்ணிக்கை இருமடங்காகும். திருத்தம் எளிது, ஆனால் இரண்டு விதிவிலக்குகளை மறக்கக் கூடாது. தேதியில் நாட்காட்டியைக் குறிக்க வரும் @ குறிகள் இரட்டிக்கப்படுவதில்லை. 7.0-இல் மதிப்பின் முதல் எழுத்தாக @ வந்தால் மட்டுமே இரட்டிப்பு. நடுவே உள்ளவை அப்படியே இருக்கும். பதிப்பு எண்ணைப் பார்க்காமல் ஒரே விதியை இரண்டுக்கும் போட்டால் ஏதாவது ஒரு பக்கம் சேதம்தான்.

தேதி என்பது ஒரு நாள் அல்ல

"ஏபிடி 1842" 1842 ஜனவரி 1 ஆனதற்குக் காரணம், நிரலகம் நிரல்மொழியின் தேதி வகையில் அதைத் திணித்தது. அந்த வகைக்கு ஆண்டு, மாதம், நாள் மூன்றும் தேவை. இல்லாததற்கு 1 என்று நிரப்பியது. வம்சாவளியில் இது வெறும் வடிவப் பிழை அல்ல. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் பொய்ச் சான்று.

ஜெட்காம் தேதியில் ஏறத்தாழ, கணக்கிட்டது, மதிப்பிட்டது, இதற்கு முன், இதற்குப் பின், இரண்டுக்கும் நடுவே, இதிலிருந்து இதுவரை என்று பல வகை உண்டு. இரட்டை ஆண்டும் உண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த தேதி பழைய ஜூலியன் நாட்காட்டியில் 1731/32 பிப்ரவரி 11. இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் 1752-க்கு முன் ஆண்டு மார்ச் 25-இல் தொடங்கியதால் இரண்டு ஆண்டுகளையும் எழுதுகிறார்கள். கிரிகோரியன் கணக்கில் அது 1732 பிப்ரவரி 22. சாய்கோட்டை ஏதோ பிரிப்பான் என்று எண்ணும் நிரல் இதை 1731 என்று வெட்டிவிடும். பிரெஞ்சுக் குடியரசு நாட்காட்டியில் 8-ஆம் ஆண்டு புரூமேர் 18 என்பது 1799 நவம்பர் 9, மாதப்பெயரே வேறு. தங்கள் மொழியில் மாதப்பெயரை எழுதும் மென்பொருள்களும் உண்டு, விதிக்கு அது புறம்பானது என்றாலும்.

எனவே தேதியை இரண்டாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, கோப்பில் இருந்த உரை, எழுத்துக்கு எழுத்து. மற்றொன்று, அதிலிருந்து கணித்த பொருள்: வகை, நாட்காட்டி, ஆண்டு, இருந்தால் மாதம், இருந்தால் நாள். வரிசைப்படுத்த முந்தைய எல்லை, பிந்தைய எல்லை என்ற இரண்டு ஜூலியன் நாள் எண்கள் (நாட்காட்டி எதுவானாலும் நாட்களைத் தொடர்ந்து எண்ணும் எண்கள்) போதும். "1842" என்பதற்கு எல்லைகள் அந்த ஆண்டின் முதல் நாளும் கடைசி நாளும். "ஏபிடி" இருந்தால் இரு பக்கமும் சில ஆண்டுகள் விரிக்கலாம். எத்தனை என்பதைப் பயன்படுத்துபவர் அமைத்துக்கொள்ள விட வேண்டும். பொருள் கணிக்க முடியாத உரை வந்தால் பிழை எறிய வேண்டாம். உரை இருக்கிறது, பொருள் இல்லை என்று திருப்பித் தந்தால் போதும்.

குடும்பச் சுட்டிகள்

உறவு கோப்பில் இரண்டு இடங்களில் எழுதப்படுகிறது. குடும்பப் பதிவு கணவன், மனைவி, பிள்ளைகளைச் சுட்டும். நபர் பதிவு தன் குடும்பத்தைத் திருப்பிச் சுட்டும். இரண்டும் ஒத்துப்போகாத கோப்புகள் தாராளமாக உள்ளன. நம் நிரலகம் குடும்பப் பதிவை மட்டும் நம்பி, நபர் பக்கத்துச் சுட்டிகளைத் தானே உருவாக்கியது. ஒரு பிள்ளைக்குப் பெற்ற குடும்பம், தத்தெடுத்த குடும்பம் என இரண்டு "ஃபேம்சி" இருந்தன. எது தத்து என்று சொல்லும் "பெடி" வரி அவற்றின் கீழே இருந்தது. புதிதாக உருவாக்கிய சுட்டிகளில் அந்த வரி இல்லை. தத்தெடுத்த செய்தியே அழிந்தது.

ஒருபக்கச் சுட்டி கண்டால் அறிவிக்கலாம், தானாகச் சேர்க்கக் கூடாது. குடும்பப் பதிவில் பிள்ளைகள் பிறந்த வரிசையில் வருவது மரபு. விடுபட்ட பிள்ளையை எந்த இடத்தில் செருகுவது என்று நிரலகத்துக்குத் தெரியாது. ஒரே நபருக்குப் பல பெயர்களோ பல பிறப்புப் பதிவுகளோ இருந்தால் முதலாவதே முதன்மையானது என்பதும் வரிசையிலேயே அடங்கியிருக்கிறது. ஆகவே குறிச்சொற்களை வகைப்படி அடுக்கி எழுதும் "ஒழுங்கு" இங்கே ஆகாது.

முன்னோரைத் தேடும் செயல்கூற்றில் ஒரு பொறி. தவறான சுட்டியால் ஒருவர் தனக்கே முன்னோராக வந்தால் தேடல் முடிவில்லாமல் சுழலும். அதைத் தடுக்க, கண்டவர்களை ஒரே தொகுப்பில் குறித்துவைத்தால், உறவுக்குள் மணம் நடந்த குடும்பங்களில் இரு வழியாக வரும் ஒரே முன்னோர் ஒரு வழியில் விடுபடுவார். 10-ஆம் தலைமுறையில் 1,024 இடங்கள் உண்டு. அவற்றில் ஒரே ஆள் பல இடங்களில் வருவது இயல்பு. சுழற்சியைக் கண்டறிய, தற்போதைய பாதையில் உள்ளவர்களை மட்டுமே சோதிக்க வேண்டும்.

திருத்திய அமைப்பு

மேலே கண்ட இழப்புகளில் பல ஒரே வேரிலிருந்து வருகின்றன: நிரலகம் புரிந்துகொண்டதை மட்டும் எழுதியது. அதை இரண்டு அடுக்காகப் பிரித்தால் நிலைமை மாறும்.

கீழ் அடுக்கு வெறும் வரிமரம். ஒவ்வொரு முனையிலும் அடையாளம், குறிச்சொல், மதிப்பு, உள்முனைகள், கோப்பில் இருந்த மூல பைட்டுகள், "மாறியதா" என்ற கொடி ஆகியவை இருக்கும். நிலை எண்ணைச் சேமிக்கத் தேவையில்லை, ஆழத்திலிருந்து கணக்கிடலாம். எழுதும்போது மாறாத முனையின் மூல பைட்டுகள் அப்படியே போகும், வரிமுடிவுக் குறி உட்பட. மாறிய முனை மட்டும் புதிதாக எழுதப்படும். அடிக்கோட்டுக் குறிச்சொற்கள், விதிக்குப் புறம்பானவை, நாளை வரப்போகும் பதிப்பின் புதியவை எதுவாயினும் இந்த அடுக்குக்குப் பொருட்டில்லை. அவை மரத்தின் கிளைகள், அவ்வளவே.

மேல் அடுக்கு "நபர்", "குடும்பம்", "நிகழ்வு" என்ற பார்வைகள். இவை தனியே தரவு எதையும் வைத்துக்கொள்ளாது. கேட்கும்போது மரத்திலிருந்து படிக்கும், திருத்தும்போது மரத்தில் எழுதும். பிறந்த தேதியை மாற்றினால் "டேட்" முனை ஒன்றில் மட்டும் கொடி ஏறும். சுட்டிகளை முழுக்கோப்பையும் படித்த பிறகே தீர்க்க வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் பதிவை முன்னால் உள்ள வரி சுட்டலாம். இல்லாத பதிவைச் சுட்டும் வரியும் மரத்தில் தங்கட்டும்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆன்செல் கோப்பில் ஒரு குறிப்பைத் தமிழில் திருத்தினால் அந்த எழுத்துகளுக்கு ஆன்செலில் இடமே இல்லை. கேள்விக்குறிகளாக மாற்றி எழுதுவது மன்னிக்க முடியாதது. நிரலகம் மறுத்துப் பிழை சொல்ல வேண்டும். கோப்பு முழுவதையும் யூடிஎஃப்-8-க்கு மாற்றுவது தனிக் கட்டளையாக இருக்க வேண்டும், "சார்" வரியையும் சேர்த்து மாற்றுவதாக.

7.0-க்கு மாற்றுவதும் அப்படியே தனிச் செயல். அங்கே "கான்க்" கிடையாது, நீள வரம்பு கிடையாது, குறியாக்கம் யூடிஎஃப்-8 மட்டும். இரட்டை ஆண்டு எழுத இடமில்லை. மூல உரையை "ஃப்ரேஸ்" என்ற உள்வரியில் காக்க வேண்டும். பகிரப்படும் குறிப்புப் பதிவு "ஸ்நோட்" ஆகிறது. அடிக்கோட்டுக் குறிச்சொற்களின் பொருளைத் தலைப்பில் உள்ள "ஸ்கீமா" பகுதியில் அறிவிக்கலாம். எங்கும் சுட்டாத சுட்டிக்கு "வாய்ட்" என்ற மதிப்பு இருக்கிறது.

சோதனை

மூன்று சோதனைகள் கட்டாயம். படித்து எதையும் தொடாமல் எழுதினால் கோப்பு பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மதிப்பைத் திருத்தி எழுதினால் அந்த மதிப்புக்குரிய வரிகள் மட்டும் வேறுபட வேண்டும். எல்லா முனைகளையும் மாறியவையாகக் கொடியிட்டு எழுதி மீண்டும் படித்தால், கிடைக்கும் மரம் பழைய மரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். எழுதும் பகுதியில் உள்ள பிழைகள் இந்த மூன்றாவதில்தான் சிக்கும். ஃபேமிலிசர்ச் வெளியிட்டுள்ள 7.0 மாதிரிக் கோப்புகளைத் தொடக்கத்திலேயே இதில் சேர்க்கலாம். அவற்றில் மிகச் சிறியது நான்கே வரி; மிகப் பெரியது பதிப்பின் எல்லாக் குறிச்சொற்களையும் தொடுவதற்கென்று அமைந்தது.

கோப்பை எந்த பைட்டில் வெட்டிக் கொடுத்தாலும் நிரலகம் நின்றுபோகாமல் படித்த வரையில் தர வேண்டும். இறுதிப் பதிவான "டிஆர்எல்ஆர்" இல்லையென்றால் கோப்பு முழுமையற்றது என்று தெரிவிக்க வேண்டும். சேமிக்கும்போது மூலக் கோப்பின் மேல் நேரடியாக எழுதாமல், அதே அடைவில் தற்காலிகக் கோப்பாக எழுதி, அதை மீண்டும் படித்து, மரங்கள் ஒத்தால் மட்டும் பெயர் மாற்றி மூலத்தின் இடத்தில் வைக்க வேண்டும்.